நிலநடுக்கோட்டில் ஒரு கம்பளிப் பிராணி

கம்பளி நமக்குச் சூட்டைத் தருவதில்லை. இழைகளிடையே சிக்கிய காற்று ஓர் அரிதிற்கடத்தியாதலால் உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. இது நீங்கள் பள்ளியில் படித்ததே. அத்தகைய கம்பளியைக் கழற்றவே இயலாத பிராணி ஒன்று நிலநடுக்கோட்டு வெயிலில் வாழ நேர்ந்தால்?

ஈக்வடார் நாட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரில், பசிபிக் கடலிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் அப்படியொன்று வாழ்கிறது. அதுவே கலாபகோஸ் உரோமக் கடல்நாய். பெயரில்தான் நாய், உண்மையில் இது சீல் வகை. தன் இனத்தாருள் மிகச் சிறியது. பெண் விலங்கின் எடை சுமார் 30 கிலோதான். நீரில் மூழ்கினாலும் இதன் அடர்ந்த அடிமயிரில் காற்று தங்கியிருக்கும். கடலில் இது வரம். கரையில்?

கரையில் பாறைகளே துணை. பெர்னாண்டினா, இசபெலா தீவுகளின் மேற்குக் கரைகளில் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் மேற்புறம் வெயிலில் சுடும். இடுக்குகளிலோ நிழல் உண்டு, அலைநீரும் அருகிலேயே. நண்பகலில் விலங்கு அங்கே ஒதுங்கும். தாளாவிட்டால் நீரில் இறங்கும். ஈரமயிரிலிருந்து நீர் ஆவியாகும்போது உடலும் குளிர்கிறது. மண்பானையின் தத்துவம்தான்!

உணவுக்கு ஆதாரம் கடலடி நீரோட்டம். மேற்கிலிருந்து வரும் குரோம்வெல் நீரோட்டம் தீவுகளில் மோதி, சத்து மிகுந்த குளிர்நீரை மேலே கொணர்கிறது. அதில் நுண்தாவரங்களும் மீன்களும் பெருகுகின்றன. இருளில் மேலெழும் சிறுமீன்களையும் கணவாய்களையும் தாய் வேட்டையாடும். முழுநிலவு நாட்களில் பெரும்பாலும் கரையிலேயே தங்கிவிடும். நிலவொளியில் இரை ஆழத்திலேயே நின்றுவிடுவதே காரணம் என்பர். சுறாவுக்கு அஞ்சியே என்பாரும் உண்டு.

19ஆம் நூற்றாண்டில் தோலுக்காக வேட்டையாடப்பட்டு இவை அற்றுப்போகும் நிலைக்கு வந்தன. இன்று சட்டப் பாதுகாப்பு உண்டு. 1998 முதல் சூழ்ந்த கடலும் காப்பகம். ஆயினும் இவை அழியும் ஆபத்திலுள்ள இனமே. காரணம் எல் நினோ. வியாபாரக் காற்று தளர்ந்தால் கிழக்குப் பசிபிக்கில் வெப்பநீர் அடுக்கு தடித்து, குளிர்நீர் மேலே வருவது குன்றும். இரை குறையும். 1982-83இல் இதுவே மிகக் கடுமையாக நிகழ்ந்தது. 1982இல் பிறந்த குட்டிகள் ஏறத்தாழ முழுவதுமே மடிந்தன.

இழப்பு எளிதில் ஈடாவதில்லை. தாய் ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். அதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் பாலூட்டும். மூத்தது பால்குடி மறக்கும்முன் இளையது பிறந்துவிட்டால், பெரும்பாலும் இளையதே பட்டினியால் இறக்கிறது.