கால்நடை மரணத்தைப் படிக்கும் கல்வி

ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி ஆட்டின் ஈரலில் நீர் கோத்த வெண்ணிறக் கட்டிகள் சிலவேளை தென்படுவதுண்டு. அறுப்பவர் அதை வெட்டித் தெருநாய்க்கு எறிந்துவிடுகிறார். அது ஒருவகை நாடாப்புழுவின் இளம் பருவமாயின், நாயின் குடலில் வளர்ந்து முட்டையிட்டு, அம்முட்டைகள் வழியே மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக வந்து சேரும். புதைக்க வேண்டியதை எறிகிறோம்! ஏறத்தாழ இதே தோற்றமுடைய வேறொரு கட்டியோ மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. இரண்டையும் பிரித்தறிந்து கூறுபவரே கால்நடை நோய்க்குறியியல் வல்லுநர்.

பெருநாள் ஆட்டோடு இவர் பணி முடிவதில்லை. சுவாமிமலையைச் சூழ்ந்த நெல்வயல்களின் வாய்க்கால் நத்தைகள், ஈரல் தட்டைப்புழுவைப் பரப்புகின்றன. வரப்புப் புல்லோடு அதை உண்ட மாடு மெலிகிறது. தாடையடியில் நீர் கோத்து வீங்குகிறது. கண்ணேறு என்று சொல்லி விட்டுவிடுவாருமுளர். இறந்த மாட்டின் ஈரலை அறுத்துப் பார்த்தால் பித்தநாளங்கள் தடித்துப் புழுவோடிருக்கும். ஒன்றன் இறப்புக்குக் காரணம் தெரிந்தால், தொழுவத்தில் எஞ்சியவற்றுக்கு உரிய மருந்தைக் கொடுத்துவிடலாம்.

உறுப்பின் சிறு துண்டை 10 விழுக்காடு பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்களவே கனமுள்ள சீவல்களாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்கின்றனர். அடைப்பான் நோய் என்ற ஐயமிருப்பின் மட்டும் உடலைக் கத்தியால் தொடலாகாது. காதோரத்து இரத்தத் துளியே போதும். திறந்தால் கிருமி மண்ணில் பல்லாண்டுகள் தங்கிவிடும்.

இக்கல்விக்கு வாயில், ஐந்தரை ஆண்டுக் கால்நடை மருத்துவப் பட்டம். தஞ்சை மாவட்டத்திலேயே, ஒரத்தநாட்டில் 2012 முதல் கல்லூரி இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் உயிரியலோடு இயற்பியல், வேதியியல் பயின்றிருத்தல் வேண்டும். தமிழக ஒதுக்கீட்டு இடங்கள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் கொண்டே நிரப்பப்படுகின்றன. பின்னர் நோய்க்குறியியலில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைச் சென்னையிலோ நாமக்கல்லிலோ முடிக்கலாம்.

வேலை எங்கே? வெளிப்படையாகவே சொல்லிவிடுவோம்: தனியார் ஆய்வகங்களில் பெரும்பாலானவை நகரங்களில்தான். நாமக்கல், கோவைப் பகுதிகளின் கோழி நிறுவனங்கள், பெருநகரங்களில் வளர்ப்பு நாய்களின் கட்டிகளைப் பரிசோதிக்கும் நிலையங்கள், பெங்களூர், ஐதராபாத்தின் மருந்துச் சோதனைக் கூடங்கள் ஆகியவை இவர்களை நாடுகின்றன. புதிய மருந்து எலியின் உறுப்புகளைப் பாதித்ததா என்று உரைப்பதும் இவரே.

மாட்டு வைத்தியம் பெண்பிள்ளைக்கு ஏற்றதன்று என்போர் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அவர்கள் மனக்கண்ணில் நிற்பது முரட்டுக் காளையும் சேற்றுத் தொழுவமும். இப்பிரிவிலோ நாளின் பெரும்பகுதி நுண்ணோக்கியின் முன்னேயே கழிகிறது. அமெரிக்காவில் கணினிக்கு வரும் திசுப் படங்களை வீட்டிலிருந்தே படித்து அறிக்கை தருவோரும் பலர்.