எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் கிண்ணியாவிலிருந்து என் ராத்தாவின் மகன் வந்தான். வயது 24. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். நெடுநேரம் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்திருந்துவிட்டு, "மாமா, வலது விதைக்குள்ள கல்லு மாதிரி ஒண்டு இருக்கு. நோவில்ல. ஏழு மாசம். உம்மாக்குச் சொல்லிராதீங்க" என்றான்.

நோவில்லை என்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் வைத்தியன் அல்லன். ஆய்வுகூடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன். விதைப் புற்றுநோய் முதியவர்களைவிட இளைஞரையே அதிகம் பிடிக்கும். பெரும்பாலும் நோவின்றியே தொடங்கும்.

"ஓதமாக்கும்" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. ஓதம் என்றாலே யானைக்கால் நோய் என்பது பழைய எண்ணம். அந்நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. ஓதத்தில் விதையைச் சுற்றி நீர் நிற்கும். டோர்ச் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். திண்மக் கட்டியில் தெரியாது. ஆனால் நீருக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கலாம் என்பதால் ஸ்கேன் வேண்டும். கட்டி விதைக்கு வெளியே, பின்புறச் சுருள்குழாயில் இருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. காசநோயும் அங்கே கட்டிபோல வரும். விதைக்குள்ளே திண்மமாக இருந்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான்.

அவனுக்கு உள்ளே. ஆனால் ஸ்கேனில் வெங்காயத்தை வெட்டினாற்போல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. உள்ளே இரத்தவோட்டம் இல்லை. எபிடர்மொயிட் என்னும் தீங்கற்ற கட்டியின் தோற்றம் அது. விதைக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இந்த வகை. ஏ.எப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. அதை நம்பி மட்டும் விடமுடியாது. சில புற்றுநோய்களில் இவை உயர்வதேயில்லை.

"ஊசியால் எடுத்துப் பார்க்க ஏலாதா?" என்று கேட்டேன். விதைப்பையில் குத்தினால், புற்றுநோயாக இருக்குமிடத்து கலங்கள் வேறு வழியில் பரவலாமாம். அதனால் கொழும்பில் கவட்டுப் பக்கமாக வெட்டித் திறந்து, கட்டியை மட்டும் எடுத்து, அவன் மேசையில் கிடக்கும்போதே உறையவைத்துச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். புற்றுநோய் என்றால் விதையையே எடுப்பதற்கும் அவன் கையொப்பமிட்டிருந்தான். மற்றது நல்ல நிலையில் இருந்தால் பிள்ளைப்பேற்றுக்கு அது ஒன்றே பெரும்பாலும் போதும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். (அவ்ரத்தைக் காட்டுவதா என்று தயங்கினான். மருத்துவத் தேவைக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டென்று எங்கள் பள்ளிவாசல் மௌலவியே விளக்கினார்.)

உள்ளே இருந்தது வெள்ளைப் பசைபோன்ற கெரட்டின் மட்டுமே. விதையை அப்படியே விட்டுத் தைத்தார்கள். முழு அறிக்கை வரப் பத்து நாள், அதிலும் அதுவே.

அன்றிரவு ராத்தாவுக்கு அவனே சொன்னான். "ஏழு மாசமா ஏன்டா வாயத் தொறக்கல்ல?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.