கட்டளை குறைந்தால் செய்தி விரையும்
கிணற்றடிக் கைப்பேசிக் கருவியும் கோபுரமும்

கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடியே இயக்கக் கைப்பேசி ஸ்டார்ட்டர்கள் இன்று பல ஊர்களிலும் பயன்பட்டு வருகின்றன. மோட்டார் ஓடுகிறதா, மும்முனை மின்சாரம் வருகிறதா என்ற செய்தி உரிய நேரத்தில் உங்களுக்கு வந்து சேர வேண்டும். வராவிடில் பயிர் காயும். சில வேளைகளில் மோட்டாரின் சுருளே கருகிவிடும்.

ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையிலுள்ள நெமிலிச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை இவ்வூர் வழியே செல்கிறது. இத்தகைய புறநகர்ப் பகுதிகளில் நிலத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே கட்டடங்கள் எழும்பும்போது, கோபுரம் அருகிலிருந்தும் செய்தி தடைப்படலாம். இதன் காரணத்தை அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

நலிந்த வழி எது?

கோபுரம் பல பத்து வாட் திறனில் அலைகளை அனுப்புகிறது. 4ஜி, 5ஜி கைப்பேசிகள் பொதுவாக அனுப்பக்கூடிய உச்சத் திறன் சுமார் 0.2 வாட் மட்டுமே. 900 மெகாஹெர்ட்சில் இயங்கும் பழைய 2ஜி கருவிகளுக்கு அது 2 வாட். எனவே கோபுரத்தின் குரல் கருவிக்குக் கேட்கும். கருவியின் குரல் கோபுரத்துக்குக் கேட்காமல் போகும். கருவியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் இந்த ஏறுவழியே நலிந்த வழியாகும்.

திறனைக் கட்டுப்படுத்துதல்

அப்படியானால் எல்லாக் கருவிகளும் எப்போதும் உச்சத் திறனிலேயே அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். அருகிலிருப்பவர் உரக்கக் கத்தினால் தொலைவிலிருப்பவர் பேச்சு அமுங்கிவிடும். பேட்டரியும் விரைவில் தீரும். ஆகவே ஒவ்வொரு கருவியின் திறனையும் கூட்டவோ குறைக்கவோ கோபுரம் கட்டளையிடுகிறது.

2ஜி முறையில் இக்கட்டளை ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு முறை செல்லும். 3ஜி முறையில் விநாடிக்கு 1,500 முறை சென்றது. 4ஜி, 5ஜி முறைகளில் கருவியே பெரும்பகுதி வேலையைச் செய்துகொள்கிறது. கோபுரத்தின் அடையாள அலை எவ்வளவு தேய்ந்து வந்துள்ளது என்று அளந்து, வழியில் ஏற்படும் சேதாரத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் தன் திறனை அமைத்துக்கொள்கிறது. வாய்க்காலில் எவ்வளவு நீர் கசியும் என்று தெரிந்து மதகைத் திறப்பது போன்றது இது. எஞ்சிய பிழையை மட்டும் கோபுரம் சிறு கட்டளையால் திருத்துகிறது. இதில் 3 டெசிபெல் கூட்டுவது திறனை இரு மடங்காக்குவதாகும்.

அலைக்கதிரின் திசை

5ஜி முறையில் மேலும் ஒரு வேலை சேர்ந்தது. உயர் அதிர்வெண்களில் அலைகளை நாற்புறமும் பரப்பாமல், டார்ச் விளக்கின் ஒளிபோலக் குவித்து ஒரே திசையில் அனுப்புகிறார்கள். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. ஒரு சுவரோ, மனித உடலோ கூட இவற்றை வெகுவாகத் தடுக்கும். தடை வந்ததும் கதிரை வேறு திசைக்கு மாற்ற வேண்டும். திசை மாறினால் வழிச் சேதாரம் மாறும். சேதாரம் மாறினால் திறனும் மாற வேண்டும்.

2018ஆம் ஆண்டில் வந்த முதல் 5ஜி விதிகளில் இதற்குக் கட்டளைகள் பல தேவைப்பட்டன. ஒவ்வொரு கட்டுப்பாட்டுத் தடத்துக்கும் கதிரின் திசையைத் தனித்தனியே அறிவிக்க வேண்டியிருந்தது. சேதாரத்தை அளக்கும் அடையாள அலையை மாற்றுவதற்கு, மெதுவாகச் செல்லும் மேல்நிலைச் செய்தி தேவைப்பட்டது. கட்டளைகளுக்கே நேரமும் அலைவரிசையும் செலவானால் பயனுள்ள செய்திக்கு இடம் குறையும். கட்டளை சேருமுன் கதிர் மாறிவிட்டால் தொடர்பே அறுபடும்.

ஒரே கட்டளை போதும்

ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி ஒரு மடையின் கீழுள்ள பத்து வயல்காரர்களையும் தனித்தனியே தேடிச் சென்று சொன்னால் பொழுது சாய்ந்துவிடும். மடைக்குப் பொதுவாக ஒரே அறிவிப்புச் செய்தால் வேலை எளிதாகும். 5ஜியிலும் இதுவே நடந்தது. 2020ஆம் ஆண்டு விதிகள் கட்டுப்பாட்டுத் தடங்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒரே கட்டளையால் கதிரை மாற்ற வழி செய்தன. அளவிடும் அலையையும் விரைவாக மாற்ற முடிந்தது. 2022ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒரு படி முன்னேறின. கதிரின் திசை, அளவிட வேண்டிய அலை, திறன் அமைப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைத்து, ஒரு சிறு கட்டளையால் ஏறுவழிக்கும் இறங்குவழிக்கும் சேர்த்தே அறிவிக்க அவை இடமளித்தன.

ஏறுவழியின் நலிவு நம் கிராமங்களுக்கு முக்கியமான சிக்கல் என்பதை நம் நாட்டு அறிஞர்களும் எடுத்துக்காட்டினர். கோபுரங்கள் 6 கிலோமீட்டர் இடைவெளியில் அமையும் கிராமச் சூழலையும் 5ஜிக்கான சோதனை அளவுகோலில் சேர்க்க இந்தியா வலியுறுத்தியது. சென்னை, ஐதராபாத் ஐ.ஐ.டி.க்கள் பங்குகொண்டு உருவாக்கிய இந்திய முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. கருவியின் அலை தொலைவு எட்டச் செய்யும் உத்தி அதில் இடம்பெற்றிருந்தது.

கவனிக்க வேண்டியவை

கதிர் திருப்பும் முறை 2ஜி, 4ஜி ஸ்டார்ட்டர்களில் இல்லை. எனினும் கட்டளையையும் செய்தியையும் சிக்கனமாகப் பயன்படுத்தும் தத்துவம் அவற்றுக்கும் பொருந்தும்.

1. சிம் கார்டு வாங்குமுன், வீட்டில் அல்லாமல் கிணற்றடியிலேயே சோதித்து, அங்கு நன்கு எட்டும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

2. ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். பெட்டிக்கு வெளியே, சுவரும் தகரக் கூரையும் மறைக்காத உயரத்தில் பொருத்தவும்.

3. நிமிடத்துக்கு ஒரு முறை நிலவரம் அனுப்பும்படி கருவியை அமைக்காதீர்கள். மோட்டார் நின்றாலோ, மின்சாரம் மாறினாலோ மட்டும் செய்தி வருமாறு அமைக்கவும். ஒரு சிறு செய்திக்கும் முதலில் தொடர்பை ஏற்படுத்தப் பல கட்டளைகள் பரிமாறப்படுகின்றன.

4. வசதியுள்ள கருவியாயின், பல வால்வுகளுக்கும் ஒரே கட்டளை இடும் அமைப்பைப் பயன்படுத்தவும்.

5. பேட்டரியில் இயங்கும் மண் ஈர உணர்கருவிகளை எட்டுத்திறன் குறைந்த மூலையில் நிறுத்தினால், அவை உச்சத் திறனில் அனுப்ப நேர்ந்து விரைவில் பேட்டரியை இழக்கும். ஆகவே எட்டுத்திறன் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கவும்.

இம்முறைகளுக்குச் செலவு அதிகமில்லை. இவற்றைக் கைக்கொண்டு, கிணற்றடிச் செய்தி காலத்தே கிடைக்கப் பெற்று, மோட்டாரையும் பயிரையும் காத்துப் பயனடைவீர்களாக.