மக்காச்சோளத்துக்குப் பதில் கோதுமையா? கோழியின் குடலைக் கவனியுங்கள்!

மக்காச்சோளம் விலை ஏறினால், மலிவாகக் கிடைக்கும் உடைந்த கோதுமையைக் கோழித் தீவனத்தில் கலப்பவர்கள் உண்டு. செலவு குறையும், ஆனால், குடலில் சிக்கல் தொடங்கலாம்.

கோதுமை, பார்லி ஆகியவற்றில் நீரில் கரையும் நார்ப்பொருள் அதிகம். அது குடலில் கஞ்சிபோல் பசையாகி, செரிமானத்தைத் தடுக்கும். செரிக்காமல் தேங்கும் புரதத்தைத் தின்று, ‘கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ்’ என்ற பாக்டீரியா பெருகும். நல்ல கோழியின் குடலிலும் இது சிறிதளவு இருக்கும். பெருகிவிட்டால், நச்சைச் சுரந்து குடல் சுவரை அரிக்கும். ரத்தக்கழிச்சல் கண்ட கோழிகளில் பாதிப்பு இன்னும் கூடும். பெரும்பாலும் 2 முதல் 5 வார வயதுள்ள இறைச்சிக்கோழிகள் திடீரென இறக்கும். அறுத்துப் பார்த்தால், சிறுகுடல் உப்பி, உட்புறம் சொரசொரப்பாக இருக்கும்.

மக்காச்சோளம், சோளம், கம்பு, அரிசிக் குருணை ஆகியவற்றில் இந்தப் பசைத்தன்மை குறைவு. மாற்றுத் தானியம் தேவைப்பட்டால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

கோதுமைதான் கிடைக்கிறது என்றால்...

* குஞ்சுத் தீவனத்தில் தவிர்க்கவும். வளர்ந்த கோழிகளுக்குச் சிறிது சிறிதாகக் கூட்டவும்.
* ‘சைலனேஸ்’ நொதியைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி கலக்கவும். இது பசையை உடைக்கும்.
* மாவாக அரைக்காமல் குருணையாக உடைக்கவும். அரைவைப்பை நன்றாக வேலை செய்து, அங்கே அமிலத்தன்மை கூடும், கிருமிகள் கட்டுப்படும்.
* கருவாட்டுத் தூளை அளவோடு சேர்க்கவும்.

எச்சம் பிசுபிசுப்பாகி, ஆழ்கூளம் ஈரமானால் அது எச்சரிக்கை. கடையில் மருந்து வாங்கிக் கொடுக்காமல், இறந்த கோழியுடன் கால்நடை மருத்துவரை அணுகுங்கள். ஒரு நாள் தாமதமும் கொட்டகையில் இழப்பைக் கூட்டிவிடும்.