ஆரல்வாய்மொழிக்கு மேற்கே
(தொடர் – 9)

திருநெல்வேலியில் நாகர்கோவில் பஸ் ஏறினால் வள்ளியூர், பணகுடி வரைக்கும் பனையும் உடைமரமும்தான். முப்பந்தல் காற்றாலைகள் தென்படும்போது காற்று பஸ்ஸையே தள்ளிப் பார்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியுமுன் விட்டுவைத்த இடைவெளி அது, ஆரல்வாய்மொழிக் கணவாய். அப்புறம் தோவாளைப் பூ மணம், வயல், தென்னை. மொத்தமே 80 கிலோமீட்டர் சொச்சம்தான்.

இந்த மாற்றமெல்லாம் மழை செய்த வேலை. நெல்லையின் கிழக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை நம்பி இருக்கிறது. கணவாய்க்கு மேற்கே குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால்தான் நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். இன்னும் மேற்கே, குலசேகரம் பக்கம் போனால் ரப்பர்.

வீடுகளும் இந்த மழைக்குத் தக்கபடி அமைந்தவைதான். தண்ணீர் அரிதான கிழக்கில் குளத்தை ஒட்டி, தெருத்தெருவாக, சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள். கல்குளம், விளவங்கோடு பக்கம் கிணறு வெட்டினால் ஊறும். ஆகவே அவரவர் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனித்தனி வீடு, சுற்றிலும் தென்னை, பலா, நல்லமிளகுக் கொடி. ஊர்ப் பெயர்களே ஏராளமாக ‘விளை’ என்று முடியும். பக்கத்து வீட்டுக்காரரைத் தொண்டையைத் திறந்துதான் கூப்பிட வேண்டும். குமரிக்காரர்கள் சத்தமாகப் பேசுவதற்கு இதுவும் காரணமோ என்று எனக்கொரு சந்தேகம், சான்று கேட்காதீர்கள்.

நெல்லையில் ‘அண்ணாச்சி’, ‘ஏல’, ‘வே’. நாகர்கோவிலில் இறங்கியதும் ‘மக்கா’ ஆகிவிடுவீர்கள். டீ சாயாவாகும். தக்கலை தாண்டினால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். நன்றாக இருந்தால் ‘கொள்ளாம்’, நிறைய இருந்தால் ‘ஒருபாடு’. சென்னையில் இவர்கள் வாயைத் திறந்தால், “நீங்க மலையாளியா?” என்று கேட்பார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அரசாங்கக் காரியம் பெரும்பாலும் மலையாளத்தில் நடந்த காலத்திலும் வீட்டில் தமிழை விடாதவர்கள் இவர்கள். தமிழ்நாட்டோடு சேரப் போராடித் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை?

இந்தப் பேச்சையெல்லாம் ஒரே வழியில் கேட்க வேண்டுமானால் மாசி மாத சிவாலய ஓட்டத்துக்குப் போக வேண்டும். சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறை திருமலைக் கோயிலில் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடி, மறுநாள் இரவு திருநட்டாலத்தில் முடிப்பார்கள். பன்னிரண்டும் சிவாலயம், வழியெல்லாம் எழும் கோஷமோ ‘கோவிந்தா, கோபாலா’! பாதி மனிதன், பாதி மிருகமான சிவபக்தன் புருஷாமிருகத்துக்கும் பீமனுக்கும் நடந்த ஓட்டம் என்று இதற்கொரு கதை சொல்வார்கள்: அது துரத்தும்போதெல்லாம் பீமன் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போட்டான், விழுந்த இடமெல்லாம் சிவத்தலம்.

கதை கிடக்கட்டும். எனக்குப் பிடித்தது வழிதான். கையில் பனையோலை விசிறி, இடுப்பில் சிறு பை, வெறுங்கால். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈரத்துணியோடு கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ஓட்டம். வாசலில் அண்டாவை வைத்துக்கொண்டு மோர், பானகம், சுக்குநீர், கஞ்சி கொடுக்கிறார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. மலைகளில் டிரெக்கிங் போக ஆயிரக்கணக்கில் கட்டுகிற நம் பிள்ளைகளுக்கு, சுமார் 100 கிலோமீட்டர் நடந்தும் காசே செலவாகாத இந்தப் பாதை தெரிவதில்லை.

இப்போது வேனிலும் பைக்கிலும் சுற்றி ஒரே நாளில் முடிப்பவர்கள்தான் அதிகம். கோயில் பார்க்கலாம், ஊர் பார்க்க முடியாது. முழுத்தூரம் முடியாதவர்கள் திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை வரைக்குமாவது நடங்கள். பகலில் தார் ரோடு கொதிக்கும், இரவில் நடப்பது நல்லது. வழி தெரியாவிட்டால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, விளை வாசலில் நிற்பவரிடம் கேளுங்கள்.