மெலிவிக்கும் ஊசி

நிலாவெளியிலும் திருகோணமலையிலும் சலரோகம் என்று வழங்கப்படுவது நீரிழிவு நோய். அந்நோய்க்கென அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டு 'ஒசெம்பிக்' என்ற பெயரில் அனுமதி பெற்ற செமாகுளூட்டைட் என்னும் மருந்து, 2021இல் 'வெகோவி' என்ற பெயரில் உடற்பருமனைக் குறைக்கவும் அங்கே அனுமதிக்கப்பட்டது.

வாரம் ஒருமுறை ஏற்றப்படும் இவ்வூசி, உணவு உண்டபின் குடலிற் சுரக்கும் ஓர் இயக்குநீரைப் போலத் தொழிற்படுகிறது. அது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது; இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துகிறது; பசியை அடக்குகிறது. நீரிழிவில்லாத பருமனுடையோரிடம் 68 வாரம் நடைபெற்ற ஆய்வில் உடல் நிறை சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது.

புகழ் பரவவே தேவையும் பெருகிற்று. பல நாடுகளில் நீரிழிவாளருக்கே மருந்து கிட்டாது போயிற்று. போலி மருந்துகள் புகுந்தன. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது.

குமட்டலும் வாந்தியும் பலருக்கு உண்டாகும். கடும் வெயிலில் கடற்றொழில் செய்வோருக்கு அதனால் நீரிழப்பு மிகுந்தால் சிறுநீரகமும் பாதிப்புறலாம். அரிதாகக் கணைய அழற்சியும் தோன்றும். கொழுப்புடன் தசையும் குறையும். ஊசியை நிறுத்தியோர், இழந்த நிறையில் மூன்றில் இரு பங்கை ஓராண்டில் மீளப் பெற்றனர்.

உடற்பருமனால் நோயுற்றோர்க்கு இம்மருந்து நற்றுணையே. ஆயினும், அழகு கருதி வைத்தியரின் ஆலோசனையின்றி ஏற்றிக்கொள்வோர்க்கு அதுவே தீங்காய் முடியக்கூடும்.