நாலு இஞ்சு கோனின் வரவு செலவு

கோவை கணபதியின் லேத்துப் பட்டறைகளில் வெர்னியர் வைத்துப் பார்க்காமல் ஒரு புஷ்ஷைக்கூட வாங்க மாட்டார்கள். அதே ஆள் ஸ்பீக்கர் வாங்கப் போனால் மட்டும் அட்டைப்பெட்டியில் அச்சடித்த வாட்டை அப்படியே நம்பிவிடுகிறார். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் ஜி.டி. நாயுடு அறிவித்த கோவையில் இப்படி நடக்கலாமா? "ஏனுங்க, சின்னப் பாக்ஸ்தானுங்க, பேஸ் வருமுங்களா?" என்று கேட்பவருக்காக இந்தப் பேரேடு. ரூபாய்ப் பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன். மரமும் போர்டும் கடைக்குக் கடை விலை மாறும், மில்லிமீட்டர் மாறாது.

செலவு 1: காற்று

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். கணக்குக்கு 40 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். தரையில் வைத்த பாக்ஸிலிருந்து 1 மீட்டர் தள்ளி 90 டெசிபல் கேட்க வேண்டுமானால், கோன் ஒரு பக்கமாகத் தள்ள வேண்டிய காற்று சுமார் 74 கன செ.மீ. ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. ஆனால் அதைத் தள்ள ஒவ்வொரு கோனும் எவ்வளவு நகர வேண்டும் என்று பாருங்கள்:

12 இஞ்சு (பரப்பு சுமார் 500 ச.செ.மீ.): 1.5 மி.மீ.
8 இஞ்சு (215): 3.4 மி.மீ.
6.5 இஞ்சு (135): 5.5 மி.மீ.
4 இஞ்சு (55): 13.5 மி.மீ.

சாதாரண நாலு இஞ்சு கோன் ஒழுங்காக நகர்வது 3, 4 மி.மீ.தான். அதற்கு மேல் தள்ளினால் காயில் காந்த இடுக்கை விட்டு வெளியே வந்துவிடும். பேஸுக்குப் பதில் கரகரப்புதான் கேட்கும். அதே கோனிடம் 80 ஹெர்ட்ஸ் கேட்டால் 3.4 மி.மீ. போதும். சுருதி பாதியாக இறங்கினால் நகர்வு நாலு மடங்கு. முழுக்கணக்கும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

செலவு 2: வாட்டு

1 வாட்டுக்கு 85 டெசிபல் தரும் ஸ்பீக்கர், உள்ளே போகும் மின்சாரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கைத்தான் ஒலியாக்குகிறது. மீதி 998 பங்கும் காயிலின் சூடு. மூடிய பாக்ஸ் 80 ஹெர்ட்ஸ் வரை தாழாமல் வரும் என்று வைத்துக்கொண்டால், அங்கே 90 டெசிபலுக்கு 3.2 வாட்டு ஆகும். அதற்குக் கீழே ஒலி பாதிச் சுருதிக்கு 12 டெசிபல் வீதம் சரியும். 40 ஹெர்ட்ஸில் அதை பேஸ் குமிழைத் திருகி ஈடுகட்டினால் 16 மடங்கு வாட்டு, அதாவது 51 வாட்டு வேண்டும். நம்மூர் அசெம்பிள் செட்டுகளில் பிரபலமான 4440 ஐசி, பிரிட்ஜ் முறையில் தருவதே 19 வாட்டுதான். வெளியே ஒட்டிய ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி.

செலவு 3: மரம்

வெளியளவு 20 × 30 × 20 செ.மீ., பலகை 18 மி.மீ. கனம். உள்ளே 7.1 லிட்டர். ஸ்பீக்கரின் உடலும் முட்டுச் சட்டமும் போகக் கையில் நிற்பது ஆறரை லிட்டருக்குள். ஒரு பாக்ஸுக்குப் பலகை சுமார் 3.5 சதுர அடி; 8 × 4 ஷீட்டில் நாலு ஜோடி தேறும். ஆசாரியிடம் வலியுறுத்த வேண்டியது மூட்டுகளில் காற்று கசியக் கூடாது என்பதை. உள்மூலைகளில் ஃபெவிகாலைக் கோடாக இழுத்து ஒரு நாள் காய விடுங்கள். பிறகு கோனை விரல் நுனிகளால் மெல்ல அழுத்திவிடுங்கள். அது சோம்பலாகத் திரும்பினால் பாக்ஸ் சரி. துள்ளித் திரும்பினால் எங்கோ ஓட்டை.

பேஸைக் கூட்டப் பாக்ஸில் பைப் வைத்தால்?

ஒன்றரை இஞ்சு பிவிசி பைப், உள்விட்டம் 40 மி.மீ. பைப் தின்பது போக 6 லிட்டர் என்று கொண்டால், 60 ஹெர்ட்ஸுக்கு 14.5 செ.மீ. நீளம், பாக்ஸுக்குள் அடங்கும். 40 ஹெர்ட்ஸுக்கு 36 செ.மீ.; பாக்ஸின் உயரத்தையே தாண்டிவிடும். விட்டத்தைக் குறைத்தால் நீளம் குறையும், ஆனால் காற்று சீறும். 60 ஹெர்ட்ஸ், 90 டெசிபலில் 40 மி.மீ. பைப்பில் காற்று வேகம் நொடிக்கு 10 மீட்டர், 25 மி.மீ. பைப்பில் 25 மீட்டர், புஸ் புஸ் என்று கேட்கும். இன்னொன்று, 60க்குக் கீழே கோனுக்குக் காற்றின் பிடி இருக்காது. தாழ்ந்த சுருதியை வெட்டும் ஃபில்டர் இல்லாமல் பைப் வைக்காதீர்கள்.

வரவு

சுவர்: தரையில் நிற்கும் பாக்ஸைச் சுவரோடு ஒட்டி வைத்தால் 6 டெசிபல் வரை இலவசம்.
ஜோடி: இரண்டு பாக்ஸிலும் ஒரே பேஸ் ஓடினால் இன்னொரு 6 டெசிபல்.

மொத்தம் 12. விட்டுப்போன 12 டெசிபலுக்கு நேர் ஈடு. இப்போது 40 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு கோனும் நகர வேண்டியது 3.4 மி.மீ.; வாட்டும் தலைக்கு 3.2தான். இது அதிகபட்ச வரவு. சுவர் மெலிந்தால் குறையும்.

இன்னொரு வரவு காதிலேயே இருக்கிறது. 41 ஹெர்ட்ஸ் கம்பியை மீட்டினால் 82, 123 என்று அதன் மடங்குகளும் எழும். மடங்குகள் சுத்தமாக வந்தால், அடிச்சுருதி மெலிந்திருந்தாலும் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். இளையராஜா பாட்டின் பேஸ் வரிசை சின்ன ரேடியோவிலும் புரிவது இதனால்தான்.

ஆழ்ந்த பேஸ், சின்னப் பாக்ஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது 1960களில் அமெரிக்காவின் ஹாஃப்மன் சொன்ன விதி. கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் நிறுவனப் பெயரில் உள்ள 'ஹெச்' அவர்தான்.

ஆக என் தீர்ப்பு இது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு ஜோடி நாலு இஞ்சு, காற்றுப் புகாத பாக்ஸ், முதுகுக்குச் சுவர், சேனலுக்கு நிஜமான 20 வாட்டு போதும். கல்யாண மண்டபச் சத்தம் வேண்டுமென்றால் நாலு இஞ்சை வதைக்காமல் 8 இஞ்சுக்குப் போங்கள். கடைக்குப் போகும்போது வாட்டு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கோன் எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்று கேளுங்கள்.